ஃபர்மனுக்கு முளைத்த இரண்டு விரல்கள்

அர்மிண்டா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவள் வாய் மட்டும் அறுபது வயது மூத்தது. நூற்பு அறையில் நூல் சுற்றும் கதிர்கள் எல்லாம் சேர்ந்து போடும் இரைச்சலிலும் அவள் திட்டுவது இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கேட்கும். அப்படிப்பட்ட வாயை அடைக்க மில் முதலாளி கில்ஸ்ட்ராப்புக்கு ஒரு சின்ன அட்டை போதுமானதாக இருந்தது. சிகரெட் பெட்டிக்குள் இலவசமாக வருகிற அட்டை. நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. என் அக்காவைக் கிறுக்கி என்று சொல்லித் திரிகிறவர்கள் இதையும் கேட்டுவிட்டுப் போகட்டும்.

மலையில் அப்பாவின் சோளக்காடு பொய்த்துப்போன வருஷம் நாங்கள் லாக்கெட் மில்லுக்கு இறங்கி வந்தோம். மில் எங்களுக்கு வீடு கொடுத்தது. சும்மா கொடுப்பார்களா? வீட்டில் எத்தனை அறையோ அத்தனை பேர் மில்லுக்கு வேலைக்குப் போக வேண்டும். மூன்று அறை என்றால் மூன்று ஆள். ஒரு ஆள் குறைந்தாலும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போக வேண்டியதுதான். அக்காவின் புருஷன் பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்து இழுத்து, இருமியே செத்தான். நான் அப்போதே நூற்பு அறையில் இருந்தேன், அக்காவும் இருந்தாள். செத்தவனின் இடத்தை நிரப்ப அவள் மகன் ஃபர்மன் போனான். அவனுக்கு ஒன்பது வயது.

பிள்ளைகளுக்குக் கூட்டித் துடைக்கிற வேலைதான் என்பார்கள். எதைத் துடைப்பது? ஓடுகிற இயந்திரத்தைத் துடைப்பது. நிறுத்திவிட்டுத் துடைத்தால் நூல் நஷ்டமாம். பல்சக்கரத்தில் சிக்கிய பஞ்சை எடுக்கப் போன பிள்ளையின் இடது கையில் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் சக்கரம் எடுத்துக்கொண்டது. அப்போது எங்கள் வரிசைக்கு மேஸ்திரியாக இருந்தவன் ஹூலன் ப்ரூயிட். தன் சட்டையைக் கிழித்துப் பிள்ளையின் கையைச் சுற்றி, அவனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடியவன் அவன்தான். அறை முழுக்கப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

மறுநாள் கில்ஸ்ட்ராப் வீட்டிலிருந்து ஒரு பன்றித் தொடை வந்தது. உப்புத் தடவிப் புகையில் தொங்கவிட்ட நல்ல தொடை. இரண்டு விரலுக்கு ஒரு தொடை! அதை நாய்க்கு வீசுகிற வசதி எங்களுக்கு இருக்கவில்லை. அக்கா திட்டிக்கொண்டே சமைத்தாள், நாங்கள் அழுதுகொண்டே தின்றோம். மில் கணக்கில் ஃபர்மனின் பெயரே கிடையாது. சின்னப் பிள்ளைகளை எங்கே எழுதுவார்கள்? எழுதாதவனுக்கு அடிபட்டதாக எப்படி எழுதுவார்கள்?

கில்ஸ்ட்ராப்புக்குப் பேஸ்பால் பைத்தியம். மில்லுக்கு மில் அணி இருந்தது. சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் ஊரே மைதானத்தில்தான் கிடக்கும். ஃபர்மன் வலது கைக்காரன். இடது கைக்கு வேண்டியது ஒரு கையுறைதான். அந்தக் கையுறையின் இரண்டு விரல்களை உள்ளே மடக்கி அக்கா தைத்துக் கொடுத்தாள். வளர்ந்து வாலிபனானபின், மூன்று விரலோடு அவன் பந்தைப் பிடிக்கிற வேகத்தைப் பார்த்துவிட்டு, சட்டனூகா நகரத்து அணிக்காரர்கள் வந்து அவனைக் காசு கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் போனதில் மூன்றாவது ஆள் குறைந்தது. ஆனால் கில்ஸ்ட்ராப் கண்டுகொள்ளவில்லை. "நம்ம மில்லுப் பையன்" என்று போகிற இடமெல்லாம் மார்தட்டிக்கொள்ள அவருக்கு அவன் வேண்டியிருந்தது.

ஒரு இலையுதிர் காலத்தில், ஆட்டமெல்லாம் முடிந்து ஃபர்மன் வீட்டுக்கு வந்தான். வந்தவன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கை நிறைய அட்டைகளை எடுத்துச் சமையல் மேசையில் பரப்பினான். எல்லாம் ஒரே அட்டை. எல்லாவற்றிலும் அவன்தான்.

"சித்தி, இங்க பாரு. நியூயார்க்குல எனக்கு ரெண்டு விரல் முளைச்சிருக்கு!"

பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான படத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பின்னால் வானம் ஆரஞ்சுப் பழ நிறத்தில் இருந்தது. எங்கள் ஊர் வானம் என்றைக்கும் அப்படி இருந்ததில்லை. அவன் சட்டைக் கழுத்துச் சிவப்பு. கன்னத்தில் வெயில் பட்ட மாதிரி ஒரு ஒளி. மட்டையைப் பிடித்து நிற்கிறான். மட்டையைச் சுற்றி இடது கை. அதில் ஐந்து விரல்.

"எந்தப் புண்ணியவான்டா இதைச் செஞ்சது?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? போட்டோ எடுத்தவன் சட்டனூகாவுல எடுத்தான். கலர் அடிச்சவன் நியூயார்க்குல உக்காந்து அடிச்சான். என்னைப் பார்த்ததே இல்ல. பாவம், போட்டோவுல ஏதோ விட்டுப்போச்சுன்னு நெனச்சிருப்பான்."

அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் ஒரு கொக்கு, அதன் கீழே எழுத்து. உறுதியான கைக்கு நீலக்கொக்கு சிகரெட். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எதுவும் விட்டுப்போனதாக எவனும் நினைக்கவில்லை. உறுதியான கை என்று விற்கிறவனுக்கு மூன்று விரல் கை எதற்கு? முன்பக்கம் படம், பின்பக்கம் வியாபாரம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. முன்பக்கமும் வியாபாரம்தான்.

அக்கா அட்டையை வாங்கி ஜன்னல் பக்கம் போனாள். அவள் எப்போதும் உதட்டுக்குள் புகையிலைப் பொடி அடக்கியிருப்பாள். அதைத் துப்பிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அந்த இரண்டு விரல்களையும் கட்டைவிரலால் தடவினாள்.

"இப்படித்தான்டா இருந்துச்சு," என்றாள். "சுண்டுவிரல் இப்படித்தான் கொஞ்சம் வளைஞ்சிருக்கும்."

ஃபர்மனின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பிறகு அவளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "நீ போடுற பொடி டப்பாவுக்கும் உன் படத்தைப் போடச் சொல்லட்டுமாம்மா?" என்றான்.

"என் மூஞ்சியப் போட்டா ஒருத்தனும் பொடி வாங்க மாட்டான். போய்க் கைகால் கழுவு."

ஒரு அட்டையை அவள் சுவர்க் கண்ணாடியின் மூலையில் செருகி வைத்தாள். மற்றதெல்லாம் ஊருக்குள் போய்விட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்கக் கடைவாசலில் பிள்ளைகள் நின்றுகொண்டு, சிகரெட் வாங்கி வெளியே வருகிறவர்களையெல்லாம் மறித்து, "ஐயா, படம் இருக்கா? ஃபர்மன் படம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த ஆகஸ்டில் டைபாய்டு காய்ச்சல் வந்து ஃபர்மன் சட்டனூகாவில் இறந்தான். பெட்டியை ரயிலில் அனுப்பினார்கள். மில் கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தோம். கில்ஸ்ட்ராப் பெரிய மலர்வளையம் அனுப்பினார். அந்தப் பூ வாடுவதற்குள் ஹூலன் ப்ரூயிட் எங்கள் வாசலில் வந்து நின்றான். அவன் இப்போது நூற்பு அறை முழுவதற்கும் மேற்பார்வையாளன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"அர்மிண்டா, பெரியவர் கேக்கச் சொன்னாரு. மூணாவது ஆள் யாரு?"

"என் மவன் குழி இன்னும் காயல, ஹூலன்."

"எனக்குப் புரியாம இல்ல. ஆனா மூணு அறை வீடு. நம்ம ஐவி இருக்காளே..."

ஐவி என் மகள். அவள் அப்பன் அலபாமாவில் வேலை பார்க்கிறேன் என்று போனவன், போனவன்தான். அவளை வளர்த்ததில் பாதி என் அக்கா.

"அவளுக்கு எட்டு வயசு," என்றேன்.

"சட்டத்துக்குப் பன்னெண்டு போதும், பன்னெண்டுன்னு சொல்லிக்கலாம் ஜூலா. எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க."

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு பிள்ளையை அந்தப் படியில தூக்கிட்டு எறங்கினவன் நீ. இன்னொண்ணை நீயே ஏத்திவிடப் போறியா?"

அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதற்குள் பதில் எழுதியிருந்த மாதிரி. கடைசியில் வசந்தத்தில் ஆட்டம் தொடங்குகிற வரைக்கும் தவணை வாங்கிக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் எங்கள் மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் ஒரு மசோதா பேசப்பட்டது. பதினாலு வயதுக்குக் கீழே யாரும் மில்லுக்குள் போகக் கூடாது என்று. அதற்காக அலைந்துகொண்டிருந்த ஒரு படித்த சீமாட்டி எங்கள் வீட்டுக்கு வந்து, விசாரணைக் குழு முன்னால் பேச வருகிறாயா என்று அக்காவைக் கேட்டார். மசோதா நிறைவேறினால் ஐவியை ஒருத்தனும் கேட்க முடியாது. அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்த அம்மாவுக்குத்தான் ஒரு சங்கடம்.

"அங்க பேசும்போது அந்தப் பொடிய மட்டும் கொஞ்சம்..."

"பொடி இல்லாம எனக்குப் பேச்சே வராது, அம்மா. ஆனா தரையில துப்ப மாட்டேன்."

விசாரணை மண்டபத்தில் தலைவரும் மற்ற உறுப்பினர்களும் நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். கில்ஸ்ட்ராப் முதலிலேயே பேசிவிட்டார். தன் மில்லில் எந்தப் பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்றார். மில் வளர்த்த பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு ஃபர்மன் டார்ப்ளியே சாட்சி என்றார்.

பிறகு அக்கா எழுந்தாள். அழவில்லை. சக்கரம் எங்கே இருந்தது, எந்தக் கை, எந்த விரல், எத்தனை படிக்கட்டில் ரத்தம் சொட்டியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மண்டபம் அமைதியாகக் கேட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

மேசையின் ஓரத்தில் இருந்த ஒரு உறுப்பினர் குனிந்து, "சட்டனூகா ஃபர்மனா? ரெண்டாவது பேஸ்ல நிப்பானே, அவனா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. என் மவன்."

அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டு நீலக்கொக்கு பெட்டி ஒன்றை எடுத்தார். அதற்குள்ளிருந்து ஒரு அட்டையை உருவினார். பேரனுக்காகச் சேர்த்து வைத்திருந்தாராம்.

"எனக்குத் தெரிஞ்சு இந்தப் பையனுக்கு அஞ்சு விரல் இருக்கே?"

அட்டை கைக்குக் கை போனது. ஒருவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். ஒருவர் "என்ன அருமையான வேலைப்பாடு" என்றார். தலைவர் அதை அக்காவை நோக்கிக் காட்டினார்.

"இது யாரு அம்மா?"

"என் மவன்தான். ஆனா அந்த விரல் வரைஞ்சதுங்க."

"யார் வரைஞ்சது?"

"நியூயார்க்குல ஒருத்தன்."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்புக்கூட இல்லை, ஆட்டம் பார்க்கிறவர்கள் சிரிப்பது போன்ற நல்ல சிரிப்பு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் எழுந்து, "நான் என் கண்ணால பார்த்தேன்!" என்று கத்தினேன்.

"நீங்க யாரு?"

"தங்கச்சி."

"சரி, உக்காருங்க," என்றார் தலைவர். தங்கச்சியின் கண் கண்ணில்லை போலிருக்கிறது.

அந்தப் படம் அவ்வளவு அழகாக இல்லாமல் இருந்திருந்தால் அவர்கள் எங்களை நம்பியிருப்பார்களோ என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். மங்கலான ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோவாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள். அந்தச் சிவப்பையும் அந்த வானத்தையும் பார்த்தபிறகு யாருக்குச் சந்தேகம் வரும்?

கில்ஸ்ட்ராப் அதோடு விடவில்லை. அந்த நாளில் நூற்பு அறையில் மேஸ்திரியாக இருந்தவரே இங்கே இருக்கிறார், அவரையே கேளுங்கள் என்றார். ஹூலன் ப்ரூயிட் எழுந்து நின்றான்.

"நீங்க அந்தப் பையனைக் கையில தூக்கிட்டுப் போனதா இந்த அம்மா சொல்றாங்க. உண்மையா?"

அவன் அக்காவைப் பார்க்கவில்லை. கில்ஸ்ட்ராப்பையும் பார்க்கவில்லை. "எனக்கு ஞாபகம் இல்லீங்க," என்றான்.

இல்லை என்று சொல்லியிருந்தால்கூட ஒரு ஆண்மை இருந்திருக்கும். ஞாபகம் இல்லையாம்! அந்தச் சட்டை முழுக்க ரத்தம். அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை அதே கோயிலில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்திருப்பான், பாவி.

அக்கா மேசைக்கு அருகில் போனாள். "அப்ப தோண்டுங்க," என்றாள்.

"என்ன சொல்றீங்க?"

"மில் கோயிலுக்குப் பின்னால கெடக்கான். தோண்டி எடுத்து எண்ணிப் பாருங்க. எலும்புக்கு எவனும் கலர் அடிச்சிருக்க மாட்டான்."

ஒரு உறுப்பினர் தண்ணீர் குடித்தார். தலைவரின் முகம் சிவந்துவிட்டது. பெற்றவள் பேசுகிற பேச்சா இது என்று கடிந்துகொண்டு, சாப்பாட்டு நேரம் என்று விசாரணையை முடித்தார். மசோதாவும் அதோடு முடிந்தது. பிள்ளையின் விரலைக் கேட்டால் அசிங்கம் இல்லை, பிணத்தின் விரலைக் கேட்டால் அசிங்கம். பெரிய மனிதர்களின் நாகரிகம் எனக்குப் புரிந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா நேராகக் கண்ணாடிக்குப் போய், மூலையில் செருகியிருந்த அட்டையை உருவி அடுப்பில் போட்டாள். எங்களிடம் ஃபர்மனின் வேறு படம் கிடையாது. நான் கையை விட்டு எடுக்கப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவள் பேசுவது குறைந்தது. நூற்பு அறையில் அவள் குரலே இல்லை. ஆட்கள் அதைப் பார்த்து, "அடங்கிட்டா" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். சிகரெட் அட்டையால் அடங்கிய ஒரே பெண் உலகத்தில் என் அக்காவாகத்தான் இருப்பாள்.

வசந்தம் வந்தது. முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் மைதானத்தின் பலகைச் சுவரில் ஒரு ஓவியன் ஏணி போட்டு ஏறினான். ஒரு கையில் அந்த அட்டை, மறு கையில் தூரிகை. அட்டையில் இருந்ததையெல்லாம் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்காகப் பலகையில் இறக்கினான். அதே ஆரஞ்சு வானம், அதே சிவப்புக் கழுத்து, அதே ஐந்து விரல். ஒவ்வொரு விரலும் ஒரு விறகுக் கட்டை அளவு. மேலே, லாக்கெட் மில்லின் மைந்தன். கீழே, உறுதியான கைக்கு நீலக்கொக்கு. கில்ஸ்ட்ராப்பும் சிகரெட் கம்பெனியுமாகப் பாதிப் பாதி செலவு போட்டார்களாம்.

ஆட்டம் முடிந்த திங்கட்கிழமை ஐவி வேலைக்குப் போக வேண்டும். சனிக்கிழமை மதியம் அக்கா விறகு பிளக்கிற கைக்கோடாலியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். விறகுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். மைதானத்தில் என் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. பேண்டு வாசித்துக்கொண்டிருந்தது. திடீரென்று அதில் ஒரு ஊதுகுழல் நின்றது, பிறகு இன்னொன்று. திரும்பிப் பார்த்தால், ஓவியன் விட்டுப்போன ஏணியின் உச்சியில் என் அக்கா. பாவாடையை இடுப்பில் செருகியிருந்தாள்.

முதல் வெட்டு விழுந்தது. ஏணி ஆடியது.

"ஹூலன்!" என்று கில்ஸ்ட்ராப் மேடையிலிருந்து எழுந்தார். "அவளைக் கீழ எறக்கு!"

ஹூலன் மைதானத்தின் நடுவே நடந்து போனான். ஊர் முழுக்க அவனைப் பார்த்தது. இரண்டு அணி ஆட்டக்காரர்களும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவன் ஏணியின் அடிக்கு வந்ததும் அக்கா கீழே பார்த்தாள்.

"வா ஹூலன். காலைப் பிடிச்சு இழு. விழுந்து செத்தா அதுவும் உனக்கு ஞாபகம் இருக்காது."

அவன் கையை நீட்டினான். ஏணியின் இரண்டு பக்கத்தையும் பிடித்தான். பிடித்துக்கொண்டே நின்றான். ஏணி ஆடுவது நின்றது.

"ஹூலன்!" என்று மறுபடியும் மேடையிலிருந்து குரல்.

அவன் திரும்பவில்லை. நூற்பு அறையில் மேற்பார்வையாளன் கத்துகிற அதே குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி கத்தினான்.

"நடுவிரலை விட்டுடு, அர்மிண்டா! மோதிர விரலும் சுண்டுவிரலும்தான். நான்தான் தூக்கிட்டுப் போனேன்!"

அதற்குப் பிறகு கோடாலிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

இதற்காக நான் ஹூலனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மசோதா இருந்தபோது வராத ஞாபகம் மசோதா செத்தபிறகு வந்து என்ன பிரயோசனம்? அவனுக்கு அன்றே வேலை போனது. எங்களுக்கு அன்றே வீடு போனது. மில் கோயில்காரர்கள்கூடச் சாமான் ஏற்ற வண்டி கொடுக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் டவுனில் துணி வெளுக்கிற ஒருத்தியிடம் அக்காவும் நானும் வேலைக்குச் சேர்ந்தோம். ஐவி அந்தப் படியில் ஏறவே இல்லை. அக்காவின் வாயும் திரும்பி வந்துவிட்டது. வெளுப்புக்காரி முதல் வாரமே காதைப் பொத்திக்கொண்டாள்.

மைதானச் சுவரில் விழுந்த ஓட்டைக்குக் கில்ஸ்ட்ராப் புதுப் பலகை அடித்து அடைத்தார். வர்ணம் அடிக்க ஓவியனைத் தேடினால் அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். அந்தக் கோடை முழுக்க ஃபர்மனின் கையில் இரண்டு விரல் இடத்தில் வெறும் பைன் மரம் வெள்ளையாகத் தெரிந்தது. முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது. வெளியூர் மில்களிலிருந்து ஆட வருகிறவர்கள் ஒவ்வொருவரும் சுவரைப் பார்த்து, "அவன் கைக்கு என்னாச்சு?" என்று கேட்டார்களாம். பெரியவர்கள் வேறு பக்கம் பார்ப்பார்களாம். பிள்ளைகள்தான் பதில் சொல்வார்களாம்.

"மில்லு தின்னுருச்சு."